பதினேழாம் வினா

பதினேழாம் வினா, ஐந்து மதிப்பெண்:
ரோமானியக் குடியரசில் பிளெபியர்கள்
நகரைவிட்டு வெளியேறியது ஏன்?
விடைக்குறிப்பு என்னிடம் இருக்கிறது.
கடன், நிலம், பதவி, சட்டம்.
நான்கு சொல்லும் இருந்தால் நான்கு மார்க்.
கையெழுத்துக்கு ஒன்று.

ஸ்ரீராமபுரத்தில் இன்று ஆறாம் நாள்.
சன்னலைச் சாத்திவிட்டுத்தான் திருத்துகிறேன்.
ஈரம் வேறு, உலர்ந்தது வேறு என்று
கன்னடத்தில் அதட்டும் பலகைக்கு அடியில்
எதையும் பிரிக்காமல் குவிந்து கிடக்கிறது
எங்கள் தெரு தின்றதெல்லாம்.
மாடுகளுக்கு மட்டும் கொண்டாட்டம்.

இருபத்திரண்டு தாள்களும் ஒரே கைடின் பிள்ளைகள்.
ஒருவன் மட்டும், கேட்காமலே,
தேர்தலில் நிற்பவர்கள் டோகாவில் சுண்ணாம்பு பூசி
இன்னும் வெளுப்பாக்கிக்கொண்டார்கள் என்கிறான்,
எங்கள் வார்டில் நின்றவரின் சட்டையைப் போல என்று
பென்சிலில் சேர்த்து, அழித்தும் இருக்கிறான்.
அழித்தது தெரிகிறது. அரை மார்க்.

இருபத்திமூன்று, சகாயசெல்வி, ஒன்பது ஆ.

"அவர்கள் எதையும் உடைக்கவில்லை மிஸ்.
எழுந்து போய் மலைமேல் உட்கார்ந்தார்கள்.
ரொட்டி சுடுகிறவர் போனார்.
செருப்புத் தைக்கிறவர் போனார்.
சண்டைக்குப் போகிறவரும் அவர்கள்தான், அதனால்
பட்டாளமும் போய்விட்டது.
செனட்டில் முந்நூறு பேர் மிச்சம்.
முந்நூறு பேருக்கும் பெருக்கத் தெரியாது."

கடைசி வரி பாடத்தில் இல்லை.
சிவப்புப் பேனா அதன்மேல் நின்றுகொண்டிருக்கிறது.

"ஒருவர் வந்து கதை சொன்னார்.
வயிறு சும்மா இருப்பதுபோலத் தெரியும்,
கைகாலுக்கு ரத்தம் அனுப்புவது அதுதான் என்று.
எங்கள் அம்மாவிடமும் ஒரு ஆபீசர் சொன்னார்,
பெங்களூர் ஒரே உடம்பு அம்மா என்று.
மூன்று மாதமாக இந்தக் கைக்கு
ரத்தம் வரவில்லையே சார் என்றாள் அம்மா."

பாப்பம்மாவை எனக்குத் தெரியும்.
ஆறரை மணிக்கு மஸ்டரிங், மெஷினில் கட்டைவிரல்.
துடைப்பக் கட்டை தேய்த்த ரேகையை
மெஷின் ஏற்காத நாளெல்லாம் ஆப்சென்ட்.
ரோமில் கடன் கட்டாதவன்
தன் உடம்பையே அடகு வைத்தான் என்று நடத்தினேனே,
இவள் விரலை மட்டும் அவர்கள்
அடகுக்குக்கூட எடுக்கவில்லை.
இப்போது எல்லாரும் ஃப்ரீடம் பார்க்கில்,
பழைய ஜெயிலின் காவல் கோபுரத்து நிழலில்.
அந்த ஊருக்கு மலை. இந்த ஊருக்கு ஜெயில்.

"கதை கேட்டு அவர்கள் திரும்பவில்லை மிஸ்.
ஆள் கேட்டுத்தான் திரும்பினார்கள்.
அந்த ஆள் பெயர் ட்ரிப்யூன்.
அவரை யாரும் கை தொடக் கூடாது.
அவர் வீட்டுக் கதவை ராத்திரியிலும் பூட்டக் கூடாது.
செனட்டுக்குள் விடாமல்
வாசலுக்கு வெளியே பெஞ்சு போட்டார்கள்.
அங்கே இருந்தபடியே அவர் கூடாது என்றால்
உள்ளே நடப்பது நின்றுவிடும்."

கீழே ஒரு படம்.
பெரிய கதவு, கோணலாக ஒரு பெஞ்சு.
மூன்று கால்தான் போட்டிருக்கிறாள்.
மணி அடிக்க ஒரு நிமிஷம் இருக்கையில்
போகிற போக்கில் சொன்ன பெஞ்சு அது.

போன ஞாயிறு எங்கள் குடியிருப்பு வாட்ஸ்ஆப்பில்
தனியார் ஆட்களை அமர்த்தலாமா என்று கேட்டார்கள்.
முதல் மாடிக்காரர்கள் கட்டைவிரல் காட்டினார்கள்.
நானும் காட்டினேன்.
என் விரல் உடனே பதிவானது.
ரோமில் பணக்கார வகுப்புகள் முதலில் வாக்களிக்கும்.
பெரும்பான்மை வந்ததும் எண்ணிக்கை நிற்கும்.
கடைசி வகுப்பு வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பும்.
அப்புறம் எதுக்கு மிஸ் வந்தாங்க என்று
வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள்.
நானும் வருஷா வருஷம்
அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

நான்கு சொல்லில் ஒன்றைக்கூட இவள் எழுதவில்லை.
குறிப்பின்படி ஒரு மார்க் கூடத் தேறாது,
கையெழுத்தும் கோழி கிளறியதுதான்.
நான்கு போட்டேன்.
கையெழுத்துக்கு உள்ளதை வெட்டிக்கொண்டேன்,
யாராவது கேட்டால் காட்ட ஒன்று வேண்டுமே.

மணி பதினொன்று.
தாழ்ப்பாளில் கை வைத்தபோது
கொஞ்சம் நின்றேன்.
நான் ட்ரிப்யூன் இல்லை.
போட்டேன்.
நாற்றத்துக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.